கூப்பிடு தூரத்தில் இருந்தவர்கள்

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பல். மற்றது டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பல். சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு ஏதுமில்லை என்று துறைமுக நிர்வாகம் முதலில் அறிவித்தது. அடுத்தடுத்த நாட்களில் எர்ணாவூர் கரையில் கொட்டியிருந்த அலைதடுப்புக் கற்களின் இடுக்குகளில் கரிய குழம்பு கெட்டியாகச் சேர்ந்து நின்றது. கடலில் எண்ணெய் கொட்டினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் தேசியத் திட்டம் இந்தியாவில் 1996 முதல் இருக்கிறது. அதை நடத்தும் பொறுப்பு கடலோரக் காவல் படையுடையது. குடிநீர் வாரியத்தின் கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளும் வந்தன. அந்தக் குழம்பின் கெட்டித்தன்மைக்கு முன்னால் குழாய்கள் திணறின. ஆகவே பிளாஸ்டிக் வாளியால் அள்ளினார்கள். மீனவ இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், காவல் படையினர் எல்லாரும் வழுக்கும் கற்கள்மேல் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். டன் கணக்கான கசடு பெரும்பாலும் அப்படித்தான் கரையேறியது. முழங்கை வரை தார் பூசியதுபோல் நின்ற அந்த இளைஞர்களின் படங்கள் நாடெங்கும் வந்தன. நாயகர்கள் என்றார்கள், சில வாரங்களில் மறந்தார்கள்.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில், அவர்கள் இயல்பிலேயே அப்படிப்பட்டவர்கள் என்பது. கடலோடிகள் அஞ்சாதவர்கள், வடசென்னைக்காரர்கள் உயிரைக் கொடுப்பவர்கள், ஏழைகளுக்கு மனசு பெரிது. அன்போடு சொல்லப்படுவதால் இந்தப் பதில் எளிதில் தப்பித்துக்கொள்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் காவிய நாயகனுக்குச் சொல்லும் காரணத்தைத்தான் இங்கேயும் சொல்கிறோம் என்பது தெரியும். கர்ணன் கவசத்தோடு பிறந்தான். அவன் கொடை அவனுடன் பிறந்தது. நம் சினிமா இந்தக் கட்டுமானத்தைக் குப்பத்துக்கும் துறைமுகத்துக்கும் கொண்டுபோய், கூட்டத்தில் ஒருவனை மட்டும் ஒளியூட்டிக் காட்டியது. அவன் வரும்வரை மற்றவர்கள் அடிவாங்குவார்கள். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு, இராயபுரம் ஆகிய பகுதிகளின் கடந்த சில ஆண்டு அனுபவங்களை அடுக்கிப் பார்த்தால் இந்தச் சித்திரம் எங்கேயும் பொருந்தவில்லை. அங்கே முன்வந்தவர்கள் எதற்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். அந்த வேலைக்குத் தேவையானது எதுவோ அது அவர்கள் கையில் ஏற்கெனவே பழகியிருந்தது. அவர்களிடம் போய் ஒருவர் கூச்சமில்லாமல் உதவி கேட்க முடிந்தது. இந்த மூன்றும் ஒரு மனிதரின் பிறவிக்குணங்கள் அல்ல. ஓர் ஊரின், ஒரு தொழிலின், ஒரு வாழ்முறையின் விளைச்சல். விளைச்சல் என்றால் நிலம் கெட்டால் அது நின்றுபோகும். நான் சொல்ல வருவது இதைத்தான்.

தமிழ் மரபிலேயே இப்படிப் பார்த்த ஒரு பழக்கம் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்பவன் ஆநிரை காக்கும் சண்டையில் இறந்ததையும், கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்து நின்றதையும் அது பதிவுசெய்கிறது. நாயின் உருவமும் கல்லில் இருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பலவும் இதே போக்கில்தான் பேசுகின்றன: எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, இறந்தவன் யாருடைய மகன் அல்லது யாருடைய சேவகன், எந்த ஊர்ச் சண்டை, என்ன செய்தான். பிறந்தபோது வானில் தோன்றிய குறி, குலத்துக்குக் கிடைத்த வரம் என்று எதுவும் இல்லை. மாடு ஊரின் சொத்து. அதைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மேய்ச்சல் தரையில் அப்போது நின்றவன் எதிர்த்தான். அவ்வளவுதான் செய்தி. அரசர்கள் தங்களுக்கு மெய்க்கீர்த்தி எழுதிக்கொண்ட நாட்டில், ஊர்க்காரர்கள் தங்களில் ஒருவனுக்கும் அவன் நாய்க்கும் கல் நட்டார்கள் என்பதில் ஒரு தெளிவான அறிவு இருப்பதாக எனக்குப் படுகிறது. செயலை அதன் இடத்தோடும் வேலையோடும் சேர்த்து வைத்த அறிவு அது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்ட நீரும் வழியெங்கும் பெய்த மழையும் சேர்ந்து அடையாற்றின் கரைகளை விழுங்கின. முடிச்சூரும் ஜாபர்கான்பேட்டையும் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. ராணுவம், கடற்படை, தேசியப் பேரிடர் மீட்புப் படை எல்லாம் வந்தன. அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் முதல் நாட்களில் பல தெருக்களுக்குள் நுழைந்தவை காசிமேட்டிலிருந்தும் மற்றக் குப்பங்களிலிருந்தும் லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட ஃபைபர் படகுகள். மூழ்கிய தெரு ஏரியைப் போன்றதல்ல. நீருக்கடியில் மதிற்சுவர் இருக்கும், வாசற்கதவின் கம்பிமுனை இருக்கும், நிறுத்தி வைத்த கார் இருக்கும், சந்து முனையில் ஆற்றின் இழுப்பு திடீரென்று திரும்பும். ரப்பர் படகு கம்பியில் உரசினால் கிழியும். எஞ்சினை ஓட்டினால் அதன் விசிறியில் கயிறோ கேபிளோ சிக்கும். எங்கே எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கோல் ஊன்ற வேண்டும், எங்கே ஒருவர் இறங்கித் தள்ள வேண்டும், எட்டுப் பேர் ஏறத் துடிக்கும் படகில் முதலில் யாரை எந்தப் பக்கம் உட்கார வைத்தால் கவிழாது என்பதெல்லாம் அலை உடையும் இடத்தில் தினமும் படகை இறக்கி ஏற்றுகிறவருக்கு யோசிக்காமலே வரும். அவருடைய துணிவு இந்தப் பழக்கத்துக்கு மேலே தனியாக வைக்கப்பட்ட ஒன்றல்ல. பழக்கத்தின் உள்ளேயே இருந்தது. நீச்சல் தெரியாத நல்லவர் கரையில் நின்று அழுவார். அவரும் நல்லவர்தான். ஆனால் அவரால் அந்த நேரத்தில் எதுவும் செய்ய முடியாது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்டில், கேரளத்தில் இதுவே பேரளவில் நடந்தது. கடலோர மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி உள்நாட்டு மாவட்டங்களுக்குப் போனார்கள். கேரளத்தின் படை என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்களைப் புகழ்ந்தார். ஒரு மீனவர் வெள்ளநீரில் மண்டியிட்டுத் தன் முதுகைப் படியாக்கிப் பெண்களைப் படகில் ஏற்றிய காட்சி உலகெங்கும் பரவியது. நெகிழ வைக்கும் காட்சி. ஆனாலும் அந்தச் சட்டகத்துக்கு வெளியே படகைப் பிடித்து நின்றவர், லாரிக்கு டீசல் போட்டவர், வழிகாட்டிய உள்ளூர்ப் பையன், ஊரில் இரண்டு நாள் தொழிலை நிறுத்திக் காத்திருந்த குடும்பங்கள் என ஒரு நீண்ட வரிசை இருந்திருக்கிறது. படம் முதுகை மட்டும் எடுத்துக்கொண்டது. எண்ணூரின் வாளி வரிசையில் இந்தத் தவறுக்கு இடமில்லை. அங்கே யார் நாயகன் என்று கேட்டால் விரல் நீட்ட முடியாது. நடுவில் ஒருவர் விலகினால் வாளி நின்றுவிடும்.

பழக்கமும் அருகிருப்பும் போதுமா? கேட்கப்படுவது என்று ஒன்று இருக்கிறது. அதை நாம் அநேகமாகக் கவனிப்பதில்லை. இதற்கு வடசென்னையின் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கத்தையே சான்றாகச் சொல்லலாம். பெரம்பூரில் செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்று இரண்டு சிறு வணிகர்கள். அவர்கள் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர், தலைவர்களும் அல்லர். வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்ற ஆன்மிக சபையை நடத்திவந்தார்கள். பக்திச் சொற்பொழிவு கேட்க பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் வருவார்கள். வந்தவர்கள் சொற்பொழிவுக்கு முன்னும் பின்னும் தங்கள் பாட்டைச் சொன்னார்கள்: வேலை நேரம், சோறு உண்ணக்கூடப் போதாத இடைவேளை, மேஸ்திரிகளின் அடி. கேட்ட இருவரும் ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கலாம்; ஒரு பக்தி சபையிடம் அதற்குமேல் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் பி.பி.வாடியாவைத் தேடிப் போனார்கள், திரு.வி.க.வை அழைத்துவந்து பேச வைத்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாக அது எண்ணப்படுகிறது. வரலாறு வாடியாவின் பெயரையும் திரு.வி.க.வின் பெயரையும் உரக்கச் சொல்கிறது, சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த இருவரையும் பெரம்பூருக்கு வரவழைத்தவர்கள் கடை வைத்திருந்த இருவர். அவர்களிடம் தொழிலாளி வந்து பேச முடிந்தது என்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல் படி.

நாஜி ஆட்சிக்காலத்தில் யூதர்களை ஒளித்துக் காப்பாற்றிய ஐரோப்பியர்களை நேர்கண்டு ஆராய்ந்த சாமுவேல் ஆலினர், பேர்ல் ஆலினர் இணையர் 1988இல் தங்கள் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். காப்பாற்றியவர்களில் பெரும்பான்மையோர் தாமாகத் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. யாரோ ஒருவர் வந்து கேட்டதால் முதல் அடி எடுத்து வைத்தார்கள் என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. பெரம்பூர்ச் சபையின் கதையும் அதுவே. உதவி கேட்கிறவர் எல்லாக் கதவையும் தட்டுவதில்லை. திறக்கும் என்று தோன்றும் கதவைத்தான் தட்டுகிறார். ஆகவே முன்வருகிறவரின் கதை அவர் முன்வந்த நாளில் தொடங்குவதில்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்னால், அவர் கதவு எப்படிப்பட்டது என்று அக்கம்பக்கம் முடிவுகட்டிய காலத்தில் தொடங்குகிறது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கதவைத் தட்டுவது உயிரைக் காக்கும் செயலாக இருந்தது. கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. தொழிற்சாலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதிவுசெய்தது. 24 மணிநேர சராசரியாக இருக்கலாம் என்ற அளவு 400. பெரியகுப்பம், சின்னகுப்பம், எர்ணாவூர் மக்கள் கண் எரிந்து மூச்சுமுட்டி விழித்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஊரை எழுப்பியது ஊர்தான். ஒருவர் கதவை ஒருவர் தட்டி, கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் முதியவர்களையும் குழந்தைகளையும் ஏற்றி அனுப்பினார்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள், எந்த வீட்டில் பச்சிளங்குழந்தை இருக்கிறது என்பது எந்த அலுவலகத்தின் பதிவேட்டிலும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு நடந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நிலையத் துணைக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர், மேலிட உத்தரவு இல்லாமல், நேரத்துக்கு முன்பாகவே ஒரு விரைவு ரயிலைப் போபால் சந்திப்பிலிருந்து கிளப்பி அனுப்பினார். அதில் இருந்த பயணிகள் பிழைத்தார்கள். நச்சுக்காற்று கெடுத்த தொண்டையோடு வாழ்ந்து 2003இல் அவர் இறந்தார். அவர் கையில் இருந்தது விதிமுறையும் கால அட்டவணையும்தான். விதியை முழுதாக அறிந்திருந்ததால்தான் அதை எந்த நிமிடத்தில் மீறலாம் என்பதும் அவருக்குத் தெரிந்தது. எண்ணூரின் பக்கத்து வீட்டுக்காரியையும் போபாலின் ரயில்வே ஊழியரையும் ஒரே வரிசையில் வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய முதல் வாதம்: இவர்கள் தங்கள் நலனைத்தானே காத்துக்கொண்டார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தது. சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் வளாகத்திலிருந்து வெளியேறிய எண்ணெய் அது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. அதை அள்ளிய மீனவர்கள் தங்கள் ஆற்றைத்தான் சுத்தம் செய்தார்கள். அதற்குக் கூலியும் உண்டு. இதில் வீரம் எங்கே என்று கேட்கலாம். 2015இல் கோட்டூர்புரத்துக்குப் படகு கொண்டுபோனவருக்கு அங்கே வலையும் இல்லை, வீடும் இல்லை என்பது ஒரு பதில். அது போதாது, ஏனென்றால் அது வாதத்தின் அடிப்படையை ஏற்றுக்கொள்கிறது. தன்னலம் கலந்தால் செயல் கறைபடுகிறது என்பதே அந்த அடிப்படை. தீயணைப்பு வீரருக்குச் சம்பளம் உண்டு. அவர் எரியும் மாடியில் ஏறுவதை அது சிறிதாக்குவதில்லை. எண்ணெய் படிந்த சேற்றில், முறையான காப்புக் கருவி இல்லாமல், தோல் எரிய எரிய இறங்கியவர் தன் இறாலுக்காகவும் இறங்கினார், கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெய் ஒட்டி நின்ற நீருக்காகவும் இறங்கினார். இரண்டையும் அவர் பிரித்து வைத்திருக்கவில்லை. ஆற்றிலிருந்து வாழ்கிறவருக்கு ஆற்றின் நலமும் தன் நலமும் ஒன்றாக இருப்பது குறையல்ல, அறம் நிலைத்து நிற்பதற்குத் தேவையான அடித்தளம். அவ்வாறான பிணைப்பு இல்லாதவர்கள்தான் அந்தக் கால்வாயை அப்படி விட்டார்கள்.

இரண்டாவது வாதம் கனமானது. நாயகர்கள் என்று புகழும்போது நாம் அரசையும் நிறுவனங்களையும் தப்பவிடுகிறோம். வாளி வரிசை பெருமைப்பட வேண்டிய காட்சியல்ல, வெட்கப்பட வேண்டிய காட்சி என்பது அது. பெரும்பகுதி ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பெரிய துறைமுகங்களையும் ஒரு சுத்திகரிப்பு ஆலையையும் அனல்மின் நிலையங்களையும் ஒரே கரையில் வைத்துக்கொண்டு, எண்ணெய் வந்தால் அள்ள வாளி கொடுப்பது குற்றம். இராயபுரத்தில் இந்தக் குற்றத்தின் இன்னொரு வடிவத்தைப் பார்த்தோம். 2020 மே, ஜூன் மாதங்களில் கொரோனா எண்ணிக்கையில் சென்னையின் மண்டலங்களில் முதலிடத்தில் இராயபுரம் இருந்தது. அந்தத் தெருக்களில் தினமும் குப்பை எடுத்தவர்களை முன்களப் பணியாளர்கள் என்று அழைத்தோம், மாலை போட்டோம், காலில் விழுந்து படமும் எடுத்துக்கொண்டோம். 2025 ஆகஸ்டில் அதே இராயபுரம் மண்டலத்தின், திரு.வி.க. நகர் மண்டலத்தின் தூய்மைப் பணியாளர்கள், பணி தனியாருக்குப் போவதை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து ஆகஸ்ட் 13 இரவு காவல் துறை அவர்களை அப்புறப்படுத்தியது. ஐந்து ஆண்டுகளில் மாலைக்கும் கைதுக்கும் நடுவே அந்தப் பெண்கள் மாறவில்லை. அதே விளக்குமாறு, அதே தெரு. மாறியது அவர்கள் நம்மிடம் ஏதோ ஒன்றைக் கேட்டார்கள் என்பது மட்டுமே. கொடுக்கும்வரை நாயகி, கேட்டால் தொல்லை. புகழ்ச்சி இப்படித்தான் பயன்படுகிறது என்றால் அது வேண்டாம் என்று சொல்கிறவர்கள் பக்கம்தான் நானும் நிற்பேன். ஆனால் இந்த வாதத்தின் இறுதி முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அரசு சரியாக இருந்தால் இப்படிப்பட்ட மனிதர்களே தேவைப்பட மாட்டார்கள் என்பது அந்த முடிவு. எவ்வளவு நல்ல அரசும் நள்ளிரவில் கண் எரிகிற முதல் பத்து நிமிடத்தில் அந்தத் தெருவில் இருக்காது. அந்தப் பத்து நிமிடம் எப்போதும் அக்கம்பக்கத்தாருடையது. அடுத்த பதினோராவது நிமிடமும் அதற்குப்பின் வரும் ஆண்டுகளும் அவர்கள் தலையிலேயே விடப்படுவதைத்தான் எதிர்க்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது என் வாதத்தையே தொடுகிறது. ஊர், தொழில், பழக்கம் என்று பேசும்போது நான் குப்பத்தை அழகுபடுத்துகிறேனா? ஊர்ப் பஞ்சாயத்து கட்டுப்பாடும் போடும், தள்ளியும் வைக்கும். மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்குப் பல குப்பங்களில் பஞ்சாயத்தில் இடமில்லை. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை, பொதுவளத்தைச் சண்டையில்லாமல் காப்பதற்கு அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த முறைக்குள் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் இடம் மறுக்கப்பட்டே வந்திருக்கிறது. உண்மைதான், இதை மறைத்துவிட்டு மேலே பேச முடியாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2015இல் படகு ஏறியவர்களிடம் யாரும் சாதி கேட்டுக் கொண்டுபோகவில்லை. 2023 டிசம்பருக்குப் பிறகு உரத் தொழிற்சாலையை மூடக் கோரி மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தவர்களில் முன்வரிசை பெண்களுடையது. பஞ்சாயத்து கொடுக்காத இடத்தை நெருக்கடியில் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஊர் தந்த பழக்கம் ஊர் போட்ட வேலியைத் தாண்டியும் வேலை செய்கிறது. அப்படித் தாண்டுவது எப்போதும் நடக்காது. நடக்கும் என்ற உறுதியும் இல்லை. தனிமனிதரின் முடிவுக்கு இடம் இருப்பது இங்கேதான். ஒரே குப்பத்தில் படகு வைத்திருந்த எல்லாரும் போகவில்லை. போனவர்கள் போக முடிவெடுத்தார்கள். அந்த முடிவை நான் பழக்கத்துக்குள் கரைத்துவிட விரும்பவில்லை. படகு இல்லாதவருக்கு எடுக்க அந்த முடிவே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

மேலும், இப்படி முன்வருவது அரிது என்ற நம் நினைப்பையும் சற்றுத் தள்ளி வைக்கலாம். கூட்டம் கூடினால் எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள், ஒருவரும் உதவ மாட்டார்கள் என்ற கருத்து 1964இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கொலைக்குப் பிறகு உலகெங்கும் பாடமாகவே சொல்லப்பட்டது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் நகரங்களின் தெருக் கேமராக்களில் பதிவான 219 சண்டைகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவர் குறுக்கே வந்து உதவியிருந்தார். ஆட்கள் அதிகமிருந்தபோது உதவி கிடைப்பதும் அதிகமாக இருந்தது. மனிதர்கள் நாம் அஞ்சுகிற அளவுக்குக் கல்நெஞ்சர்கள் அல்லர். அவர்கள் பக்கத்தில் இருக்கவும், எதையாவது செய்யத் தெரிந்திருக்கவும் வேண்டியிருக்கிறது.

ஆகவேதான் எண்ணூரில் இப்போது நடப்பதைப் பற்றிய என் கவலை சுற்றுச்சூழல் கவலை மட்டுமல்ல. 1996இல் அங்கீகரிக்கப்பட்ட கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர் கழிமுகத்தின் ஏறத்தாழ 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு பாதுகாக்கப்பட்ட பகுதி. அந்தப் பரப்பின்மேல் துறைமுகத்துக்கான நிரப்பு மண்ணும், வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்களில் கசிந்த சாம்பல் குழம்பும், சாலைகளும், மின்கோபுரங்களும் ஏறிக்கொண்டே வந்திருக்கின்றன. சாம்பலுக்கு எதிராகக் காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அதுவும் இதே இனத்தைச் சேர்ந்த துணிவுதான், கழியில் ஆழமாக இருந்த இடம் எது, எப்போது மேடானது என்று கையால் அறிந்தவரின் துணிவு. ஆழம் குறைந்த ஆற்றில் இறால் இல்லை. இறால் இல்லாத ஆற்றில் மகன் இறங்க மாட்டான். அவன் ஏதாவதொரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் காவலாளியாகவோ சரக்கு ஏற்றுபவனாகவோ போவான், அதில் தவறில்லை. ஆனால் படகு கரையில் பிளந்துகிடக்கும். கோல் ஊன்றும் கை இன்னொரு தலைமுறையில் இருக்காது. அதே கழிமுகம் மேடாகிப்போவதால் வடசென்னையின் வெள்ளம் வடிய வழியும் சுருங்குகிறது. வெள்ளத்தைப் பெருக்குகிற வேலையும் வெள்ளத்தில் நம்மைத் தூக்க வருகிறவர்களை இல்லாமல் ஆக்குகிற வேலையும் ஒரே இடத்தில், ஒரே மண்ணைக் கொட்டி நடக்கின்றன.

2023 எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு ரூ.12,500, பாதிக்கப்பட்ட படகுக்கு ரூ.10,000 என்று அரசு நிவாரணம் அறிவித்தது. எண்ணெய் ஊறிய ஒரு வலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுக்க வேண்டியவருக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்பது காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் தெரியும். செய்ய வேண்டியவை வேறு. ஒவ்வொரு குப்பத்திலும் உள்ள படகுகளையும் ஓட்டுகிறவர்களையும் மாநகராட்சியின் பேரிடர்த் திட்டத்தில் பெயரோடு சேர்க்க வேண்டும். அழைக்கப்பட்ட நாளுக்குக் கூலியும், படகு சேதத்துக்கும் உயிருக்கும் காப்பீடும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். எண்ணெய் உறிஞ்சும் தடுப்பும், கையுறையும், மூச்சுக்கவசமும் துறைமுக நிறுவனங்களின் செலவில் குப்பங்களிலேயே இருப்பு வைக்கப்பட வேண்டும். அமோனியாக் குழாய் உள்ள ஊரில் அபாயச் சங்கு எப்போது ஊதும், ஊதினால் காற்றின் எந்தத் திசைக்கு ஓட வேண்டும் என்று ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒத்திகை நடக்க வேண்டும். கழிமுகத்தின்மேல் இனி எந்தத் திட்டம் வந்தாலும் அதை ஆராயும் குழுவில் நெட்டுக்குப்பமும் தாழங்குப்பமும் முகத்துவாரக்குப்பமும் கருத்துச் சொல்லிவிட்டுப் போகிறவர்களாக அல்லாமல், வாக்கு உள்ள உறுப்பினர்களாக உட்கார வேண்டும். கொட்டிய சாம்பலை அள்ளி ஆற்றின் ஆழத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒவ்வோர் ஆண்டும் நடக்க வேண்டும், வாளியால் அல்ல, இயந்திரத்தால்.